இருசம்மாள் பூசாத அண்டா

அரியலூர்க் கன்னார் தெருவில் இருசம்மாளோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. அதற்காக அவள் ஏங்கியதும் இல்லை. அவள் குடத்தோடு வருவதைக் கண்டால் கிணற்றடிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "ஏன் நிறுத்திட்டீங்க? பாதியில வுட்டா என் பேரு அந்தரத்துல தொங்காதா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் தண்ணீர் இறைப்பாள்.

பிறந்தது பெரம்பலூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அவளுடைய அப்பன் ஊர் ஊராகச் சுற்றிப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன். தாயில்லாப் பெண்ணை வீட்டில் விட்டுப்போக ஆளில்லாமல் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தான். துருத்தி இழுப்பதும், புளியும் மணலும் போட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பதும், ஈயம் பிடிக்க நவச்சாரத்தைத் தூவி உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பதும் அவள் கைக்கு அப்படித்தான் வந்தன. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பாகச் செய்தால் அடி விழும். அடி விழாதபடி செய்யப் பழகிக்கொண்டாள். வாயும் அங்கேதான் வளர்ந்தது. பூசிய பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கூலிக்கு நாளை வா என்கிற வீடுகளில் அப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். மகள்தான் சத்தம் போடுவாள்.

வாழ்க்கைப்பட்ட இடம் அரியலூர். கணவன் பிச்சைமுத்து சாது. கணவனின் அண்ணன் வைரக்கண்ணு அப்படி இல்லை. கடைத்தெருவில் பாத்திரக்கடை, வீட்டுக் கொல்லையில் பட்டறை, தெருவில் நாலு பேர் எழுந்து நிற்கும் மரியாதை எல்லாம் அவருக்கு இருந்தன. கல்யாணம் ஆன மறு வருஷமே அண்ணனிடம் கைகட்டி நிற்கப் பிடிக்காமல் பிச்சைமுத்து மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டான். ஈப்போ பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை என்று கடிதம் வந்தது. பிறகு சண்டை மூண்டது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. சந்தைக்கு வந்துகொண்டிருந்த வெள்ளீயமும் அதே வேகத்தில் நின்றது. இருசம்மாளின் புருஷனையும் பிழைப்பையும் ஒரே சீமை விழுங்கிவிட்டது.

வீட்டில் அவளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண். வைரக்கண்ணுவின் மனைவி கமலவேணி, நல்ல நாள் வந்தால் ஓரகத்திக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் கண்ணெதிரிலேயே இருசம்மாள் சிமிழைப் பிடுங்கி நெற்றியில் அப்பிக்கொள்வாள்.

"சேதி வந்தா அழிச்சுக்கிறேன். உங்க அவசரத்துக்கு இல்ல" என்பாள்.

ஈயம் நிற்பதற்கு முன்பே அவள் கொல்லையில் தனியாக ஒரு கரி அடுப்பு மூட்டி, தானே ஈயம் பூச ஆரம்பித்தபோது பகை முற்றியது. பொம்பிளை துருத்தி முன்னால் உட்காருவதா என்று வைரக்கண்ணு வாசலில் நின்று கத்தினார். அடுப்பின் மேல் தண்ணீரைக் கொட்டினார். அவள் ஈரக் கரியை வெயிலில் காயப்போட்டு மறுநாளும் மூட்டினாள். கடைசியில் அவருக்கும் ஒன்று புரிந்தது. அவள் கைப்பூச்சு அவர் வைத்திருந்த ஆட்களின் பூச்சைவிடச் சுத்தம். திட்டிக்கொண்டே தன் கடைப் பாத்திரங்களையும் அவள் அடுப்பண்டை கொண்டுவந்து போட்டார். அவளும் திட்டிக்கொண்டே பூசினாள்.

அந்தக் காலத்தில் பெரிய சமையலுக்கெல்லாம் பித்தளை அண்டாதான். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, அடித்தால் நீளும், தட்டினால் விரியும், எவ்வளவு பெரிய வயிறு வேண்டுமானாலும் அதற்குக் கொடுக்கலாம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் உசத்திதான், பொங்கலுக்கு அதை அடித்துக்கொள்ள வேறில்லை. ஆனால் கனம், வார்க்கத்தான் முடியும், கைதவறி விழுந்தால் விரிசல் விட்டுவிடும். ஆகவே ஊர்ச்சோறு முழுக்கப் பித்தளையை நம்பி இருந்தது. அந்தப் பித்தளைக்குப் புளி ஆகாது. புளிப்பு பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். அது வயிற்றுக்குள் போனால் குடலைப் புரட்டும். உள்ளே வெள்ளீயத்தைப் பூசி வைத்தால் பயமில்லை. வெள்ளீயம் இல்லையென்றால் அண்டா வெறும் தண்ணீர்ப் பாத்திரம்தான்.

நாற்பத்து மூன்றில் உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய மிராசு கண்ணையன் வீட்டில் மகள் மலர்கொடிக்குக் கல்யாணம். சமையல் பாத்திரம் முழுவதும் வைரக்கண்ணு கடையிலிருந்து, எல்லாம் புதிதாக ஈயம் பூசியது என்று பேச்சாகியிருந்தது. எங்கே கிடைத்தது ஈயம் என்று தெருவே ஆச்சரியப்பட்டது. ஒரு காலையில் வைரக்கண்ணு நாலைந்து கட்டிகளைக் கொண்டுவந்து இருசம்மாள் முன் போட்டார்.

"இந்தா. நாளைக்குள்ள பூசி முடி."

அவள் ஒரு கட்டியை எடுத்தாள். காதோரம் வைத்து மெல்ல வளைத்தாள். வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளே எதுவோ நறநறவென்று பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். இது சத்தமே காட்டாமல் களிமண் மாதிரி வளைந்தது. சுவரில் ஒரு கோடு இழுத்தாள். கறுப்பாக விழுந்தது.

"இது காரீயம் மாமா. கொஞ்சமா வெள்ளீயம் கலந்திருக்கு. எங்க புடிச்சீங்க? மண்ணெண்ணெ டின்னு பத்தவச்ச எடத்தையெல்லாம் உருக்கி எடுத்தீங்களா?"

"எங்க புடிச்சா உனக்கென்ன? வெள்ளையா இருக்குதுல்ல?"

"பத்தவைக்கத்தான் இது ஆவும். பாத்திரத்துல பூச ஆவாது. பித்தளையில ஒட்டாம மேலயே நிக்கும். கரண்டி பட்டா உரிஞ்சி வந்துடும். காரீயமும் வவுத்துக்குள்ள போவும், களிம்பும் போவும்."

"ஒரு வேளை கல்யாணம். யாரு வவுறு என்னாவப் போவுது? நாடு பூரா இதைத்தான் பூசுறான்."

"நாடு பூசட்டும். நான் பூச மாட்டேன்."

வைரக்கண்ணு கட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "மலேயாவுல புருஷன் ஈயமா வெட்டிக் குவிக்கிறான், அந்தத் திமிரு!" என்றார். பிறகு ஆளை வைத்துத் தானே முன்னின்று பூசினார். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. அண்டாக்கள் உள்ளே நிலவு மாதிரி மின்னின.

இருசம்மாள் அன்றோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவரைச் சபையில் வைத்துக் கிழிக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் ஒரு வெறி இருந்தது. பாத்திர வண்டியோடு குடும்பமே கல்யாணத்துக்குப் போனபோது அவளும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள். காலைச் சமையல் நடக்கிற கொட்டகைக்குள் நேரே நுழைந்தாள். கழுவி வைத்திருந்த ஓர் அண்டாவுக்குள் குனிந்து நகத்தால் சுரண்டினாள். பூச்சு கருவாட்டுச் செதில்போல் உரிந்து வந்தது. கீழே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது.

நகத்தில் இருந்ததைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவள் கத்தினாள்: "பாருங்க, வைரக்கண்ணு பூசின ஈயத்தை! இதுல புளிக்குழம்பு வச்சா இந்தக் கல்யாணத்துக்கு வந்தவங்க பூரா வாந்தி எடுத்து வுழுவாங்க!"

மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டுவிட்டது. பெண் வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். "தாலி கட்டுற நேரத்துல என்ன வாயிடி இது!" என்று ஒருத்தி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். வைரக்கண்ணு குறுக்கே வந்தார். தலையில் அடித்துக்கொண்டு, "புருஷன் போன ஏக்கம். புத்தி பேதலிச்சிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பரிதாபமான குரல்தான் அவளை மிகவும் எரித்தது.

வெளியே தள்ளப்பட்டுத் தெருவில் நின்றபோது தலைமைச் சமையல்காரர் வேலி ஓரமாக வந்தார். வயதானவர், பயந்த முகம். "ஏம்மா, நெசமாவா சொல்ற? இப்ப நான் என்ன பண்றது?"

என்ன பண்ண வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொதித்ததும் குழம்பை மண்பானைகளுக்கு மாற்றிவிடு, மிச்சத்தை அண்டாவில் விடாதே. அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஈயம் பூசின மவராசன் உள்ள நிக்கிறாரு. அவரைப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அரியலூர்ச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள்.

பந்தியில் ஒன்றும் ஆகவில்லை. குழம்பு இறக்கிய சூட்டோடு இலைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். மீந்துபோன வத்தக்குழம்பு மட்டும் அண்டாவின் அடியில் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் பண்ணை ஆட்களைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுப் பழைய சோற்றோடு அதை ஊற்றினார்கள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அவர்கள் தெரு முழுக்க வாந்தி. கிழவர்கள் சுருண்டு படுத்தார்கள். ஆண்டாயி என்கிற பண்ணை வேலைக்காரியின் மகள் பொன்னாயி பிள்ளைத்தாய்ச்சி. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் துடித்து, பிள்ளை தங்காமல் போனது.

அதோடு நின்றிருந்தால் கண்ணையன் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவருக்குப் பழைய சோற்றில் ஆசை. அவரும் அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருந்தார். அவர் கட்டிலில் விழுந்த பிறகுதான் விசாரணை பிறந்தது.

விசாரணையில் வைரக்கண்ணு சொன்ன பதில் சுருக்கமானது. "வாயால சொன்னவ கையால செஞ்சிருக்க மாட்டாளா? அண்டாவுக்குள்ள கையை வுட்டதை நீங்களே பாத்தீங்க. எங்க பட்டறையில மயில்துத்தம்னு ஒரு விஷம் இருக்கு. அதுல கொஞ்சம் காணும்."

கண்ணையனின் ஆட்கள் வண்டியோடு வந்து இருசம்மாளை ஏற்றிக்கொண்டு போனார்கள். கன்னார் தெரு வாசல் வாசலாக நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கிணற்றடிப் பெண் ஒருத்தி மட்டும், "நல்லா வேணும்" என்றாள், காதில் விழும்படி.

நெற்களத்தில் கூட்டம் கூடியிருந்தது. கண்ணையன் நாற்காலியில். வேலிக்கு அப்பால், வழக்கம்போலத் தூரத்தில், பண்ணை ஆட்கள். அவர்களில் பாதிப் பேரால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்திருந்தார்கள்.

"தலையை மழிச்சு ஊரைச் சுத்தி வரச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். "போலீஸ்ல குடுத்துடலாம்" என்றார் இன்னொருவர்.

"குடுங்க" என்றாள் இருசம்மாள். "அதுக்கு முன்னாடி அந்த அண்டாவைக் கொண்டாங்க. நான் தொட மாட்டேன். உங்க ஆளே கழுவட்டும், உங்க வூட்டுப் புளியைக் கரைக்கட்டும், உப்பைப் போட்டு உங்க அடுப்புலயே கொதிக்க வைக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். உங்க ஆளு காவலுக்கு நிக்கட்டும். அப்புறமா யாராச்சும் ஒரு சொம்பு குடிச்சுப் பாருங்க. நான் விஷம் வச்சேனா, அண்டா வச்சுதான்னு தெரிஞ்சுடும்."

கண்ணையன் வைரக்கண்ணுவைப் பார்த்தார். வைரக்கண்ணுவால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

புளித்தண்ணீர் கொதித்தது. வெயிலில் அண்டா கிடந்தது. கூட்டம் கலைந்து சாப்பிட்டுத் திரும்பியது. இருசம்மாள் களத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் சொம்பில் மொண்டார்கள். நிறம் லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"யாரு குடிக்கிறது?" என்றார் கண்ணையன்.

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். வைரக்கண்ணு எழுந்தார். "நான் பூசின அண்டா. நானே குடிக்கிறேன்" என்றார். கமலவேணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு, இருசம்மாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொம்பைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல" என்றார்.

இருசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுந்துவிடக் கூடாதே என்ற எண்ணம் அவள் மனசில் எழவில்லை. அவர் மேலுதட்டில் வியர்வை பூத்ததை முதலில் கண்டவள் அவள்தான். அவர் விழுங்கினார். மறுபடி விழுங்கினார். பிறகு எழுந்திருக்க முயன்று, கை தரையைத் தொட, கூட்டத்தின் நடுவிலேயே வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். கமலவேணி அலறிக்கொண்டு வந்து இருசம்மாளின் கூந்தலைப் பிடித்து அறைந்தாள்.

"எம் புருஷனைக் கொல்லப் பாத்தியேடி பாவி!"

"நான் ஊத்திக் குடுக்கலக்கா. அவரே குடிச்சாரு."

கண்ணையன் நாற்காலியை விட்டு எழுந்தார். தப்பு யார் பேரில் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரீயம் பூசிய அண்டா வந்தது என்று சம்பந்தி வீட்டார் முன் ஒப்புக்கொண்டதாகிவிடும். "இது உங்க வூட்டுச் சண்டை. உங்க தெருவுல போய் வச்சுக்குங்க" என்று முடித்துவிட்டார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஆண்டாயி எழுந்து நின்றாள். "எங்களுக்கு என்ன பதிலு ஆண்ட? எம் மவ புள்ளைக்கு என்ன பதிலு?"

"ஆளுக்கு ஒரு மரக்கா கம்பு போடச் சொல்றேன். போ."

ஆண்டாயி போகவில்லை. களத்தைக் கடந்து வெளியே வந்த இருசம்மாளை வழிமறித்தாள். "ஒண்ணு கேக்குறேன். அந்தக் கொழம்பு ஆவாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும். கத்தினேனே."

"அவங்ககிட்டக் கத்தின. மிச்ச மீதியைத் திங்கிறது நாங்கன்னு உனக்குத் தெரியாதா? எங்க தெரு அங்கதானே இருக்குது. ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போறதுக்கு உன் காலு நோவுமா?"

இருசம்மாளுக்குச் சமையல்காரர் வேலி ஓரம் வந்து கேட்டது ஞாபகம் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

வைரக்கண்ணு பிழைத்துக்கொண்டார். பிழைத்ததும் முதல் வேலையாகக் கொல்லையில் ஒரு சுவரை எழுப்பினார். கிணறு அவர் பக்கம், அடுப்பு அவள் பக்கம். அரியலூரில் அவளுக்கு ஒருத்தரும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். கொடுக்கவில்லை. களத்தில் நடந்தது தெருவுக்கே தெரியும். ஆனாலும் மூத்தாரைச் சபையில் வாந்தி எடுக்க வைத்தவள் என்பதுதான் அவள் பேரோடு ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்க் காலம் தள்ளினாள்.

நாற்பத்தாறில் பிச்சைமுத்து உயிரோடு திரும்பி வந்தான். நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி வந்தவன், எலும்பும் தோலுமாக அண்ணன் வாசலில்தான் முதலில் ஏறினான். அங்கேயே சாப்பிட்டான். அங்கேயே எல்லாக் கதையையும் கேட்டான். அதன் பிறகுதான் சுவரைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் அழுதுகொண்டு நின்றாள். அத்தனை வருஷமாக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அண்ணன் கால்ல ஒரு தரம் வுழுந்துடு" என்றான் அவன். "எல்லாம் சரியாயிடும். நானும் நிம்மதியா இருப்பேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்ததும் வராததுமா இதைச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்தீங்களா?"

"பெரியவங்களைப் பகைச்சுக்கிட்டு எப்படிடி இருக்குறது?"

"வுழுவுறேன். பொன்னாயி கால்லன்னா வுழுவுறேன். அவரு கால்ல மாட்டேன்."

பிச்சைமுத்து சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இரவுச் சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கடையில் அண்ணனுக்குக் கையாளாக உட்கார்ந்துவிட்டான்.

கோபத்தில் சொன்ன சொல் அவளை உறுத்தியது. ஒரு நாள் உடையார்பாளையம் பக்கம் நடந்து, ஆண்டாயியின் தெருவுக்குள் போனாள். அங்கே அவள் சாதிக்காரர்கள் யாரும் கால் வைத்ததில்லை. பொன்னாயி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தரிக்கவே இல்லை என்று கேள்வி. இருசம்மாள் குனிவதற்குள் ஆண்டாயி நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம். நீ வுழுந்து எந்திரிச்சா உனக்கு மனசு ஆறிடும். எங்களுக்கு என்ன வரும்? போம்மா."

பொன்னாயி தலையைத் தூக்கவே இல்லை. முறத்தின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. இருசம்மாள் வந்த வழியே திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவள் அரியலூரில் அதிக நாள் இருக்கவில்லை. அப்பனுடைய பழைய துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரம்பலூர்ப் பக்கம் போய்விட்டாள். வெள்ளீயம் மறுபடி வர ஆரம்பித்திருந்தது. சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்களிடமும், நோன்பு மாசத்துக்கு முன் லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் வீடுகளில் கஞ்சி காய்ச்சும் பெரிய செப்புத் தேக்ஸாக்களிலும் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கேயும் அவளை யாரும் நல்ல வாயாடி என்று பாராட்டவில்லை. ஈயம் அசல், பொம்பிளை பிடாரி என்றார்கள்.

காரணம் அவளுடைய ஒரு கேள்வி. பூசி முடித்ததும் அதற்குப் பதில் வாங்காமல் பாத்திரத்தைக் கொடுக்க மாட்டாள். சிறுவாச்சூர் பக்கம் நிலபுலம் உள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டில், நாற்பத்தெட்டோ ஒன்பதோ, அது கைகலப்பு வரைக்கும் போனது.

"மிஞ்சின கொழம்பை இதுலயே வைப்பீங்களா, மாத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"அது எங்க வூட்டு விஷயம். நீ ஈயம் பூச வந்தவ" என்றாள் வீட்டுக்காரி.

"மிச்சம் யாருக்குப் போவும்? மாட்டுக்கா, ஆளுக்கா?"

"பண்ணை ஆளுக்குத்தான் ஊத்துவோம். அதுக்கு உனக்கு என்னடி?"

"அப்படின்னா ஆறு மாசம் கழிச்சு பூச்சு தேயிறப்போ என்னைக் கூப்புடுவேன்னு சொல்லுங்க. இல்லாட்டி இந்த அண்டா நகராது."

அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் கம்போடு வந்தார். தெருவே கூடியது. பைத்தியம் என்றார்கள், திருடி என்றார்கள், போலீஸைக் கூப்பிடு என்றார்கள். அவள் இறங்கவில்லை. வீட்டுக்காரி ஆத்திரம் தாங்காமல், "சரிடி, கூப்புடுறேன், தொலைஞ்சு போ!" என்று கத்திய பிறகுதான் இறங்கினாள்.

கூலியை முகத்தில் எறிவதுபோல் எறிந்தார்கள். அவள் குனிந்து பொறுக்கினாள். துருத்தியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "சொன்னதை மறந்தா நானே வருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குள் போய்க் குரல் கொடுத்தாள்: "ஈயம் பூசலையோ, ஈயம்!"